சின்ன முகம்

"கல்யாண வீடியோ எடிட் பண்ண இவ்ளோ பெரிய கம்ப்யூட்டரா? பாதி விலையில இருக்கறதே போதும்மா," என்றார் சியோல் நகரக் கடைக்காரர் தோசிக்.

"இது 8K வீடியோ அண்ணா, ரொம்பப் பெரிய ஃபைல். சின்னதா இருக்கற முகத்தைப் பெருசாக்கினாலும் தெளிவா தெரியணும்," என்றாள் நாரே.

"யார் முகம்?"

"எங்கப்பா."

சோதித்துப் பார்க்க, அவள் கொண்டுவந்த வீடியோவைக் கடைக்காரர் ஓடவிட்டார். திரையில் மணப்பெண் நாரே, கோட்டு போட்ட பெரியவரின் கைபிடித்து நடந்து வந்தாள்.

"அப்பாதான் ராஜா மாதிரி முன்னாடியே வர்றாரே! இன்னும் எவ்ளோ பெருசாக்கணும்?"

நாரே தலைகுனிந்தாள். "அவர் மாப்பிள்ளை வீட்டுக்குக் காட்ட நான் வாடகைக்குப் பிடிச்ச அப்பா."

கடைசி வரிசைக்கும் பின்னால், விருந்தாளிகளுக்குத் தரும் சாப்பாட்டுச் சீட்டோடு எறும்பளவு தெரிந்த உருவத்தைத் திரையில் தொட்டாள்.

"எங்கப்பா இவர். அன்னிக்குச் சிரிச்சாரா, அழுதாரான்னு பாக்கணும். எந்த முகத்தை வெச்சுக்கிட்டு அவர்கிட்டயே கேக்கறது?"