தொண்ணூற்றேழாம் பக்கம்

ஜெய்னப் வாடகைக்கு எடுத்துவந்த படக்கதையில் பக்கக் கணக்கு உதைத்தது. பெரிய தாள் ஒன்றை மடித்தால் பதினாறு பக்கம். ஆறு தாளைச் சேர்த்துத் தைத்தால் தொண்ணூற்றாறு. ஏட்டுக்கு இரண்டு முகம் என்பதால் ஒற்றைப்படையில் முடிய வழியே இல்லை. அவள் படித்தால் தொண்ணூற்றேழில் முடிந்தது. ஓசூர் சிப்காட்டில் போல்ட்டு எண்ணிப் பெட்டியில் அடைக்கும் அவள் அக்கா வஜிஹா எண்ணினால் தொண்ணூற்றாறு.

பத்தாம் வகுப்பில் தோற்று, பேச்சை நிறுத்திவிட்ட ஒருத்தியின் கதை அது. ஜெய்னப்பும் அந்த வருஷம்தான் தோற்றிருந்தாள்.

"கடைசிப் பக்கத்துல என்னடி இருக்கு?"

"படம் தெனம் மாறுது. திங்கக்கெழம அந்தப் பொண்ணு செருப்பு மாட்டுனா. நேத்து கல்குவாரிக்குப் போயிட்டா. இன்னிக்குக் குவாரித் தண்ணிக்கு ஒரு அடிதான் பாக்கி, அக்கா."

"நீ பெயிலானது கணக்குலதானே? கண்ணுமா போச்சு? திருப்பிக் குடுத்துடு."

"ரெண்டு வாட்டி குடுத்துட்டேன்."

புத்தகம் அவள் மடியில் இருந்தது. ஒரு மாதமாக வாடகைப் புத்தகக் கடை தவிர எங்கும் போகாதவளின் செருப்பில் வெள்ளைக் கல்தூள் அப்பியிருந்தது.

எண்ணிக்கை ஒத்துவராத பெட்டியைத் தொழிற்சாலையில் ஒருத்தியிடம் விடுவதில்லை. இரண்டு பேர் சேர்ந்து, சத்தமாக எண்ணுவார்கள். வஜிஹா தங்கையை ஒட்டி உட்கார்ந்தாள். இருவரும் ஒரே குரலில் எண்ணிக்கொண்டே புரட்டினார்கள். தொண்ணூற்றாறோடு முடிந்து அட்டை வந்தது. அதற்கு முந்தைய படத்தில் அந்தப் பெண் இன்னும் தன் வீட்டுக்குள்தான் இருந்தாள்.

இப்போது வஜிஹா வேலை முடிந்து வந்ததும் தினமும் அப்படித்தான் படிக்கிறார்கள். இரண்டு பேர் சேர்ந்து படித்தால் அது தொண்ணூற்றாறு பக்கப் புத்தகம்.