கயிற்றின் நீளம்

2071 நவம்பர் 18. நாகை மாவட்டம் கீழப்பனங்குடியில் வெள்ளம் புகுந்து, வயலோர வீடுகள் வழக்கம்போல மிதந்தன. அடுத்த ஆண்டு முதல் வெள்ளம் ஊருக்குள் வராது, கோடைச் சாகுபடிக்காக நிலத்தடித் தொட்டிகளில் சேமிக்கப்படும் என்று ஊராட்சி அறிவித்திருந்தது.

ஊரே மகிழ்ந்தது. யாழினி மட்டும் மகிழவில்லை. அவளுடைய தோழி தர்ஷினி பக்கவாதத்தில் படுத்துப் பல வருடங்கள் ஆகின்றன. இரண்டு வீடுகளுக்கும் நடுவே நான்கு வயல்கள். வரப்பில் நடக்க யாழினியின் முழங்கால் இடம் கொடுக்காது. வெள்ளம் வந்தால்தான் அவள் வீடு, அதைக் கட்டிவைத்திருக்கும் கயிற்றின் நீளத்துக்கு மிதந்துபோய்த் தர்ஷினியின் ஜன்னலோரம் நிற்கும்.

“மீன் குழம்பா? உன் கையில உப்பு ஏறாதே” என்றாள் தர்ஷினி.

“வாயைத் திறடி முதல்ல.” யாழினி ஜன்னல் வழியே ஊட்டினாள்.

சில நாட்களில் தண்ணீர் வடியத் தொடங்கியது. வீட்டைப் பழைய இடத்துக்கு இழுக்கக் கணவர் பிரதீபன் எழுந்தார்.

“இப்ப இழுக்கலேன்னா இங்கேயே தரைதட்டிடும்.”

“கயிறு சிக்கிக்கிச்சுங்க.”

அவர் எட்டிப் பார்த்தார். கயிறு தர்ஷினி வீட்டுத் தூணில் கட்டப்பட்டிருந்தது.

“சிக்கலா இது? மூணு முடிச்சுல்ல போட்டிருக்கே! நான்கூட உனக்கு இவ்வளவு இறுக்கிப் போடலையே.”

உள்ளேயிருந்து தர்ஷினி சிரித்தாள். “அண்ணே, தாங்குமான்னு பாருங்க.”

பிரதீபன் முடிச்சை இழுத்துப் பார்த்தார். பிறகு நான்காவதாக ஒன்றைப் போட்டார்.

வீடு தர்ஷினியின் கத்தரிப் பாத்தியின் மேல் தரைதட்டியது. மறு ஆண்டு வெள்ளம் வரவில்லை.