தவிர, அடைப்புக்குறி

“தப்பு என்னோடதுதான். அடைப்புக்குறி போட மறந்துட்டேன்,” என்றாள் ராத்மிலா.

அதுவரை மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற உரோஷுக்கு அப்போதுதான் உயிர் வந்தது.

நிஷ் நகரத்தில், ஆறு பேர் வேலை பார்க்கும் சின்ன மென்பொருள் அலுவலகம் அது. நிரல் எழுதுகிறவர்கள் நேற்று எழுதியது, இன்று திருத்தியது, தனிக் கிளையாகப் பிரித்துச் சோதித்துப் பார்ப்பது எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கும் கருவி ஒன்றை அங்கே செய்கிறார்கள். சொந்த வேலையையும் அதே கருவியில்தான் வைத்திருக்கிறார்கள். அன்று காலை ராத்மிலா பழைய கிளைகளைச் சுத்தம் செய்யப் போக, எல்லாரும் வேலை செய்துகொண்டிருந்த கிளைகள் மாயமாகிவிட்டன.

முதலாளி மிலுதின் கேட்ட முதல் கேள்வி, “தப்பு கையிலயா, கருவியிலயா?”

உடனே எல்லாருடைய பார்வையும் உரோஷ் பக்கம் போனது. எந்தக் கிளையை எடுக்க வேண்டும், எதை விட வேண்டும் என்று ஒரே வரியில் தட்டினால், அந்த வரியைப் பிரித்துப் பொருள் கண்டுகொள்ளும் பகுதி அவன் எழுதியது. கூட்டலுக்கு முன்னால் பெருக்கலைச் செய்கிற மாதிரி, ‘அல்லது’, ‘மற்றும்’, ‘தவிர’ என்ற சொற்களில் எதற்கு முதலிடம் என்று அதுதான் முடிவு செய்யும்.

அவனுடைய தற்காலிக வேலைக்கு அதுவே பரீட்சை. தேறினால் இன்று மதியம் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் லெஸ்கோவாட்ஸ் ஊரில் மாமாவின் டயர் கடை. மருமகன் எப்படியும் வந்துவிடுவான் என்ற அசையாத நம்பிக்கையில் மாமா இன்னும் வேறு ஆள் வைக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் ராத்மிலா தானாக முன்வந்து பழியை ஏற்றாள்.

வெளியிட்ட கிளையையும் வேலையில் இருக்கும் கிளையையும் விட்டுவிட்டு மற்றதை நீக்க வேண்டும். அந்த இரண்டையும் அடைப்புக்குறிக்குள் போட்டு, முன்னால் ‘தவிர’ என்று தட்ட வேண்டும். அடைப்புக்குறி இல்லாவிட்டால் ‘தவிர’ முதல் சொல்லோடு ஒட்டிக்கொள்ளும். இரண்டாவது, நீக்க வேண்டியவற்றோடு சேர்ந்துவிடும்.

இதை அங்கிருந்த எல்லாருக்கும் உரக்க விளக்கியவன் உரோஷ்தான். யாரும் கேட்கவில்லை. ஆனாலும் விளக்கினான்.

மிலுதின் நேற்றைய பிரதியிலிருந்து கிளைகளை மீட்டுவிட்டார். காலையில் செய்த வேலை மட்டும் போனது. “இத்தனை வருஷ அனுபவத்துக்கு இதுவா ராத்மிலா?” என்று எல்லார் முன்னாலும் கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

அந்த அலுவலகத்தில் ஒரு வழக்கம் உண்டு. எவர் கையால் வேலை கெடுகிறதோ, அவர்தான் எல்லாருக்கும் புரேக் என்னும் அடுக்கு மாவுப் பண்டம் வாங்கித் தர வேண்டும். ராத்மிலா தெருமுனைக் கடையிலிருந்து சுடச்சுட இறைச்சி புரேக்கும் தயிரும் வாங்கி வந்தாள். வாய் நிறைய புரேக்கோடு மிலுதின் அறிவித்தார், “கருவி நம்மளக் கைவிடல. உரோஷ், நீ இனிமே நம்ம ஆளு.” எல்லாரும் கை தட்டினார்கள். ராத்மிலாதான் முதலில் தட்டினாள்.

வேலை நிரந்தரமானதும் உரோஷுக்குத் தலைகால் புரியவில்லை. ‘அடைப்புக்குறியை மறவாதீர்’ என்று ஒரு தாளில் கொட்டை எழுத்தில் எழுதி, ராத்மிலாவின் மேஜைக்கு நேர் எதிர்ச் சுவரில் ஒட்டினான். போகிறவர் வருகிறவர் எல்லாம் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள்.

அதோடு விட்டானா? எல்லாரும் அவரவர் இடத்துக்குப் போன பிறகு, நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

“அக்கா, குறை சொல்றேன்னு நினைக்காதீங்க. ஒரு தடவை கண்ணால பாத்துட்டா அப்புறம் மறக்கவே மாட்டீங்க.”

“வேண்டாம் தம்பி. புரேக் ஆறுது, சாப்பிடு.”

“ஒரு நிமிஷம்க்கா. சோதனைக்குன்னு வெச்சிருக்கற பிரதிலதான் செய்யறேன். ஒண்ணும் போயிடாது.”

அவள் தடுக்கத் தடுக்க விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். ‘தவிர’ என்று தட்டினான். “இப்ப அடைப்புக்குறி. பாருங்க, திறக்கறேன்.” இரண்டையும் உள்ளே தட்டினான். “மூடறேன். அவ்வளவுதான். இதுக்குப் போய் பாஸ்கிட்ட திட்டு வாங்கிட்டீங்களே.”

விசையை அழுத்தினான்.

வேலையில் இருந்த கிளைகள் அத்தனையும் காணாமல் போயின.

உரோஷ் கண்ணைக் கசக்கிக்கொண்டு, பிரதியைப் புதிதாக எடுத்து, ஒவ்வோர் எழுத்தாக மறுபடியும் தட்டினான். மறுபடியும் காணாமல் போயின. ‘தவிர’வுக்குப் பின்னால் உடனே அடைப்புக்குறி வந்தால், அவன் எழுதிய பகுதி அதைக் கண்டுகொள்ளாமல் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. அப்படி ஒரு வரியை அவன் ஒருமுறைகூடச் சோதித்துப் பார்த்ததில்லை. மிலுதினின் அறைப் பக்கம் திரும்பிப் பார்த்தான். நல்லவேளை, அவர் போனில் இருந்தார்.

ராத்மிலா மெல்லத் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். மிச்சமிருந்த புரேக் துண்டை அவன் பக்கம் தள்ளினாள்.

“சாப்பிட்டுட்டு சத்தமில்லாம சரி பண்ணிடு. காலையில நானும் அடைப்புக்குறி போட்டுத்தான் தட்டினேன்.”