குறையாத கடைசி வரிசை

பள்ளியில் மொத்தம் ஆயிரத்து ஒன்பது பிள்ளைகள். அது பகா எண். ஒரே வரிசையாக நிறுத்தினால் உண்டு. மற்றபடி எப்படிப் பிரித்தாலும் எங்கோ இடிக்கும்.

"அக்கா, பத்துப் பத்தா நிறுத்திட்டேன். எல்லா வரிசையும் சரியா வந்துடுச்சு!" என்று கணக்கு டீச்சரிடம் வந்து சொன்னார் டிரில் மாஸ்டர்.

"சரியா வர முடியாதே தம்பி. கடைசி வரிசையில ஒருத்தர் குறையணுமே!"

டீச்சர் மைதானத்தில் இறங்கி, ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினார். ஆயிரத்து ஒன்பதேதான். ஆனால் கடைசி வரிசையிலும் பத்துப் பேர் நின்றார்கள்.

அங்கே ஓரத்தில் புதிதாகச் சேர்ந்த சிறுமி. தினமும் தனியாக நின்று அழுகிறவள். இன்று பக்கத்தில் நின்றவளின் கையைக் கோத்துக்கொண்டு சிரித்தாள்.

"இன்னொரு தடவை எண்ணாதீங்க டீச்சர். இவ பயப்படுறா" என்றாள் சிறுமி.

டீச்சர் நீட்டிய விரலை மடக்கிக்கொண்டார்.

"எண்ணலைடா கண்ணு. நீ அவளை நல்லாப் பிடிச்சுக்கோ" என்றார்.