பாலத்து நிறுத்தத்தில் கூட்டம்

பாலத்து நிறுத்தத்தில் வண்டியை நிறுத்திய டிரைவர், வழக்கம்போலக் கண்ணை மூடிக் கடவுளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டார்.

பிறகு துணிப்பையிலிருந்து பஸ் கார்டுக் கட்டை எடுத்து, ஒவ்வொன்றாக இயந்திரத்தில் வைத்தார்.

“ஏறுங்க கொத்தனாரே.” கீச். “பார்த்து, பெரியம்மா.” கீச்.

ஆளைக் கூப்பிடாமல் கார்டை வைக்க அவருக்கு மனம் வராது.

“கொத்தனாரு உயிரோட இருந்தப்ப ஒருநாளாவது நேரத்துக்கு வந்திருப்பாரா? இப்பப் பாரு, முதல் ஆளா ஏறுறாரு” என்றாள் அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த தையலக்கா.

அந்தப் பையைத் தைத்துக் கொடுத்தவள் அவள்தான். மேட்டு ஊரிலிருந்து இந்த வண்டியில் வருகிற ஒரே ஆளும் அவள்தான். திங்கள், புதன், வெள்ளி ஆஸ்பத்திரியில் ரத்தத்தைச் சுத்தம் செய்தாக வேண்டும். தவறினால் எத்தனை நாள் உயிர் தாங்கும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். அவள் யாரிடமும் சொன்னதில்லை.

நகரத்தில் நன்றாக ஓடிய திட்டம் என்று போன வருடம் வட்டாரம் முழுக்க நீட்டிவிட்டார்கள். கார்டுகளை எண்ணி, எந்த வண்டி எதுவரை போகலாம் என்று இயந்திரமே முடிவு செய்யும். முப்பது பேருக்குக் குறைந்தால் வண்டி ரத்து.

மேட்டு ஊரில் முப்பது பேருக்கு எங்கே போவது? பிழைக்கப் போனவர்கள் கார்டைக் கொடுத்துவிட்டுப் போனார்கள். இறந்தவர்களுடையதை வீட்டார் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

கட்டில் இருபத்தைந்து. பாலத்தில் நிஜமாகவே ஏறுகிறவர்கள் நான்கு பேர்: ஒரு வாட்ச்மேன், பள்ளிக்கூடம் போகிற மூன்று பெண்பிள்ளைகள். தையலக்காவோடு சரியாக முப்பது.

மேலே சிக்னல் எடுக்காது. அதனால் எல்லோருக்கும் இங்கேதான் கீச்.

கடைசியாகத் தையலக்கா தன் கார்டை நீட்டினாள்.

திரையில் எழுத்து ஓடியது.

‘பாலத்து நிறுத்தத்தில் கூட்டம் அதிகம். நிழற்கூடம் அமைக்கப்படும். மேட்டு ஊரில் ஏறுவோர் இல்லை. நாளை முதல் வண்டி பாலத்திலிருந்தே புறப்படும்.’

டிரைவர் இரண்டு முறை படித்தார். தையலக்கா ஒரு முறைதான் படித்தாள்.

மேட்டு ஊருக்கும் பாலத்துக்கும் நடுவே மூன்று கிலோமீட்டர். வாசலிலிருந்து வண்டிப் படிக்கு வரவே அவள் இரண்டு இடத்தில் உட்கார்ந்து எழுந்திருக்க வேண்டும். பாலத்தைத் தாண்டி மேலே வண்டியைத் திருப்பினால், சிக்னல் போவதற்குள்ளேயே இயந்திரம் டிப்போவுக்குச் சொல்லிவிடும்.

“ஆபீஸ்ல போய் உண்மையைச் சொல்லிடறேன்க்கா.”

“எதை? மேல ஒருத்தி இருக்கான்னா? முப்பது பேர் இல்லைங்கறதும் சேர்ந்துதானே வெளிய வரும்.”

அவள் திரும்பிப் பார்த்தாள். மூன்று பிள்ளைகளும் ஒரே நோட்டின் மேல் தலையை முட்டிக்கொண்டு வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

தையலக்கா தன் கார்டை விரலால் துடைத்தாள். கட்டின் நடுவே செருகிப் பைக்குள் வைத்து, கயிற்றை இழுத்து முடிந்து, அவரிடம் கொடுத்தாள்.

“புதன்கிழமை என்னையும் கூப்பிட்டு ஏத்திக்க, தம்பி.”