நடுக்குருத்து

ரெபேக்காவின் செல்லத்தை நான்தான் கொன்றேன். தண்ணீரில் முக்கி.

கொலைதான், ஆனால் அன்பினால் செய்தது. மண் வேண்டாம், தொட்டி வேண்டாம், ஜன்னலில் ஒரு நூலில் தொங்கிக்கொண்டு காற்றைத் தின்றே வாழும் ஏர் பிளான்ட் அது. ஆஸ்பத்திரிக்குப் போகும்போது என் மனைவி அதை என்னை நம்பி விட்டுவிட்டுப் போனாள்.

"மழைக்காலங்க. காத்துல இருக்கற ஈரமே அதுக்குப் போதும். எப்பவாவது முக்கினாலும் தலைகீழா உதறி, காய வெச்சுதான் மாட்டணும்."

நான் தினமும் முக்கினேன். உதறவில்லை, பாவம் வலிக்குமே என்று. மைசூர் மழையில் என் பனியனே காயவில்லை, செடி எங்கே காயும்?

இன்று காலை ரெபேக்கா போன் செய்தாள். "என்னங்க, இன்னிக்கு வீட்டுக்கு அனுப்பறாங்க."

"ஸ்தோத்திரம்! டாக்டர் என்ன சொன்னார்?"

"வீட்டுக்குப் போகலாம்னார்."

"அதான் தெரியுதே. வேற?"

"என் செடி எப்படி இருக்கு?"

ஓய்வுபெற்ற நர்ஸ். வலிக்கிற கேள்வி வந்தால், வேறு பக்கம் பார்க்க வைத்துவிட்டு ஊசியைக் குத்திவிடுவாள். "ஜம்முன்னு இருக்கு" என்று சொல்லிவிட்டுச் செடியைத் தொட்டேன். நடுக்குருத்து கையோடு வந்துவிட்டது.

நர்சரிக்கு ஓடினேன். கடைக்காரப் பெண் மானஸா முகர்ந்து பார்த்து மூக்கைச் சுளித்தாள். "அய்யோ அங்கிள், தண்ணியிலயே குடித்தனம் வெச்சீங்களா?"

"ஏதாவது மருந்து? ஸ்ப்ரே?"

அவள் பரிதாபமாக என்னைப் பார்த்து, செய்ய வேண்டியதைச் சொன்னாள். தலையாட்டிக்கொண்டே அதே சாயலில் ஒரு புதுச் செடியையும் வாங்கினேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் டாக்டர் என் தோளைத் தட்டினார். "இனிமே பத்தியம் எதுவும் பேடா சார், வேண்டாம். உப்பு, ஊறுகாய், என்ன ஆசைப்படறாங்களோ குடுங்க."

எனக்குத் துள்ளிக் குதிக்கத் தோன்றியது. உப்பில்லாமல் சமைத்துச் சமைத்து, என் சமையலைப் பார்த்து நானே அழுதுகொண்டிருந்த காலம் முடிந்தது! வீட்டுக்கு வந்ததும் தெருவே மணக்கக் கருவாட்டுக் குழம்பு வைத்தேன்.

இரண்டு வாய் சாப்பிட்டதும் ரெபேக்கா தட்டைத் தள்ளி வைத்தாள். ஜன்னலோர நாற்காலி திடீரென்று அவளுக்குப் பெரிதாகிவிட்டிருந்தது. தலைக்கு மேலே நான் மாட்டி வைத்திருந்த புதுச் செடியை அண்ணாந்து பார்த்தாள்.

"டேவிஸ்."

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் கோர்ட் கூடிவிட்டது என்று அர்த்தம்.

"என் செடியோட அடியில ஒரு குட்டி முளைச்சிருந்துச்சு. எங்க அது?"

"விளையாடப் போயிருக்கும்."

சிரித்தாள். சிரிப்பு இருமலாகி, அடங்க வெகுநேரம் ஆயிற்று. அதற்கு மேல் எனக்குப் பொய் வரவில்லை. அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்த பழைய செடியைக் கொண்டுவந்து அவள் மடியில் வைத்தேன்.

"நான்தான்மா கெடுத்தேன். மன்னிச்சுடு."

"கடையில என்ன சொன்னாங்க? மழுப்பாம சொல்லுங்க."

"உள்ள வரைக்கும் அழுகிடுச்சாம். இனிமே அது இதுன்னு போட்டுத் தொந்தரவு பண்ணாதீங்க, வீட்டுக்குக் கொண்டுபோய் காத்தோட்டமா வெச்சு, இருக்கற வரைக்கும் இருக்கட்டும்னு சொல்லுச்சு அந்தப் பொண்ணு."

ரெபேக்கா மிச்சமிருந்த இலைகளை ஒவ்வொன்றாகத் தடவினாள்.

"நான் உண்மையைச் சொல்லிட்டேன். இப்ப நீ சொல்லு" என்றேன். "டாக்டர் என்னதான் சொன்னார்?"

அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதையேதாங்க சொன்னார்."