எம்.பி.யின் பார்வைக்கு மட்டும்

“ஆர் எழுதின கடதாசி எண்டு மட்டும் சொல்லுங்க தங்கச்சி. நாங்க எழும்பிப் போயிருவம்” என்றார் பொறியியலாளர் ஹிஷாம்.

“எனக்குத் தெரியா சேர்” என்றாள் றுமானா.

“தெரியாம எப்பிடி? எம்.பி.ட கல்முனைக் கந்தோருக்கே நீங்கதானே செயலாளர்?”

“வாற உறைக்கு இலக்கம் போடுறதும் அலுமாரிக்குள்ள வெச்சிப் பூட்டுறதும்தான் என்ட வேல. ‘எம்.பி.யின் பார்வைக்கு மட்டும்’ எண்டு எழுதியிருந்தா நான் உடைக்கிறல்ல. அவர் வாசிச்சிட்டு, திரும்ப ஒட்டித் தந்துட்டுத்தான் கொழும்புக்குப் போன.”

விசயம் இறக்காமத்து யானை வேலி. தூண் நட்டாயிற்று, கம்பியும் இழுத்தாயிற்று, கம்பிக்குள் கரண்ட் மட்டும் ஓடவில்லை. யானைகள் வேலியைச் சாய்த்துவிட்டு வயலுக்குள் இறங்கி விருந்து சாப்பிட்டுப் போயின. விரட்டப் போன ஒரு வயல்காரர் காலை முறித்துக்கொண்டு கிடக்கிறார். ஹிஷாம் வேலை பார்க்கும் அரசாங்கத் திணைக்களத்துக் கோப்பிலோ வேலை பூரணமாக முடிந்திருந்தது, அவருடைய கையொப்பத்தோடு. போன வாரம் எம்.பி. பாராளுமன்றத்தில் எழுந்து, “திணைக்களத்துக்கு உள்ளே இருந்தே எனக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது” என்று போட்டு உடைத்துவிட்டார். அன்றிலிருந்து இந்தத் தேடல்.

“கடதாசி இப்ப எங்க இரிக்கி? கொழும்புக்குப் போயிட்டா?” என்று கேட்டார் ஹிஷாம்.

“இந்த அலுமாரிக்குள்ளதான்.”

“வேற ஆரும் பாத்தாங்களா?”

“எம்.பி.யத் தவிர ஒருத்தரும் இல்ல.”

மின்விசிறிக்கு நேர் கீழே இருந்தும் ஹிஷாமுக்கு வேர்த்துக் கொட்டியது. அவ்வளவு ஆத்திரம் என்று றுமானா நினைத்துக்கொண்டாள்.

பக்கத்துக் கதிரையில் சரீப். அந்த வேலியைப் போட்ட கொந்தராத்துக்காரர். இவ்வளவு நேரமும் சும்மா இருந்தவர் இப்போது வாயைத் திறந்தார்.

“கடதாசிய நீங்க தரவும் வேணாம் தங்கச்சி. ஒருக்காத் தூரத்தில பிடிச்சிக் காட்டுங்க. எழுத்தப் பாத்தாலே ஆளச் சொல்லிருவன்.”

“ஏலா முதலாளி.”

“ஏன் ஏலா?”

“சபையில கேள்வி கேக்கிறதுக்கு எண்டு எம்.பி.க்கு வந்த கடதாசி. அவர்ட சிறப்புரிமைக்குள்ள வருது. பொலிஸ் வந்தாலும் சபாநாயகர்ட்டக் கேட்டுட்டு வாங்க எண்டு சொல்லச் சொல்லியிரிக்கார்.”

சரீப் வாய்விட்டுச் சிரித்தார். “இது பாராளுமன்றமா புள்ள? கீழ புடவைக் கட, மேல நீங்க. இதுக்குள்ள என்ன சபாநாயகர்?”

“சனம் ஏறி வாறது இந்தப் படியாலதானே முதலாளி. கொழும்புப் படியில ஏற அதுகளுக்கு ஏது வழி?”

சிரிப்பு நின்றது. சரீப் ஹிஷாமின் பக்கம் திரும்பினார். “சேர், இந்தப் புள்ளட மாப்புள அஸ்கி உங்கட கந்தோர்லதானே?”

“ஓம்.”

“மன்னாருக்கு ஒரு ஆள் கேக்கிறாங்க எண்டு சொன்னீங்களே.”

ஹிஷாம் சரீபின் முகத்தைப் பார்த்தார். பிறகு திடீரென்று மேசையில் ஓங்கி அடித்தார். “ஓம்! நல்லா யோசிச்சிக்கங்க தங்கச்சி. நாளைக்கே மாத்தல் கடிதம் வரும்!”

றுமானாவுக்கு வயிற்றில் பிள்ளை. ஐந்து மாதம். வீட்டில் மாமி படுத்த படுக்கை. அஸ்கியும் நாட்டின் மறு கரையில் இருக்கும் மன்னாருக்குப் போய்விட்டால் அவள் பாடு அதோகதிதான். அலுமாரிச் சாவி கைப்பைக்குள் கிடந்தது. திறந்து காட்டுவது ஒரு நிமிட வேலை, எம்.பி.க்குத் தெரியவும் வராது. யாரென்றே தெரியாத ஒரு மனிதருக்காக நான் ஏன் இடிபட வேண்டும் என்று மனம் கேட்டது.

அந்த மனிதருக்கும் வீடு வாசல் இருக்கும். அவரும் இதே மன்னாரை நினைத்துப் பயந்து பயந்துதானே எழுதியிருப்பார்?

“மன்னாருக்குப் போடுறதெண்டாப் போடுங்க சேர்” என்றாள். “நம்பி எழுதின மனிசனக் காட்டிக்குடுக்க என்னால ஏலா.”

சரீப் கதிரையைத் தள்ளிவிட்டு எழுந்தார். ஹிஷாம் அவளை ஒரு தரம் பார்த்துவிட்டுப் பின்னாலேயே இறங்கிப் போனார்.

அவள் அஸ்கிக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் கொட்டினாள்.

“மன்னார்ல கருவாடு நல்ல மலிவாம்” என்றான் அஸ்கி. “அழாத புள்ள. நீ செஞ்சதுதான் சரி. அல்லாஹ் ஒரு வழி காட்டுவான்.”

அதுவரை அழாதவள் அதைக் கேட்டுத்தான் அழுதாள்.

பின்னேரம், பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி ஓய்ந்த நேரம் படியில் காலடிச் சத்தம் கேட்டது. ஹிஷாம். இந்த முறை தனியாக வந்திருந்தார். கையில் ஒரு நீளமான பழுப்பு உறை. மாற்றல் கடிதம் நாளைக்கு என்றவர் இன்றைக்கே கொண்டுவந்துவிட்டாரே, அவ்வளவு அவசரமா என்று அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“இத அவர்ட்டயே குடுத்திரிக்கலாமே சேர்” என்றபடி கையை நீட்டினாள்.

ஹிஷாம் உட்காரவில்லை. உறையை இரண்டு கைகளாலும் பிடித்து மேசையில் வைத்தார்.

“இது அஸ்கிக்கு இல்ல தங்கச்சி, எம்.பி.க்கு. என்ட ரெண்டாவது கடதாசி. முதல் கடதாசியில பேர் போடப் பயந்துட்டன், இதில போட்டிரிக்கன்.”